இருநூற்று எழுபத்து நான்கு ஞாயிறுகள்

அந்த மருத்துவமனையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் யாருக்கு எந்த நாள் காலை டூட்டி, யாருக்கு மாலை, யாருக்கு என்றைக்கு விடுப்பு என்பதையெல்லாம் பதினோரு வருடங்களாக ஒருத்திதான் எழுதி வந்தாள். பெயர் சொல்லி அவளை யாரும் கூப்பிடுவதில்லை. டாக்டர்களிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் ரோஸ்டர் அக்கா. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த எக்ஸ்ரேக்காரர்கூட, "ரோஸ்டர் அக்கா, வர்ற வியாழக்கிழமை என்னைக் கொஞ்சம் விட்டுடுங்க" என்றுதான் கதவோரம் வந்து தலையைச் சொறிவார்.

அவளுக்கு இருந்த பெருமை ஒன்றே ஒன்றுதான். பதினோரு வருடத்தில் ஒருவர்கூட அவளை "ஓரவஞ்சனை பண்ணிட்டே" என்று சொன்னதில்லை. நல்ல புடவை என்று யாராவது சொன்னால் லேசாகச் சிரிப்பாள். "உங்க பட்டியல்ல குறை சொல்ல முடியாதுக்கா" என்று சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்கக் கால் தரையில் பாவாது.

அந்த வருடத் தொடக்கத்தில்தான் புது மென்பொருள் வந்தது. பட்டியல் எல்லோருடைய கைபேசிக்கும் நேராகப் போய்விடும். விடுப்பு கேட்பது, டூட்டி மாற்றிக்கொள்வது, யாருக்கு எந்த இயந்திரம் ஓட்டத் தெரியும் என்பது எல்லாம் அதற்குள்ளேயே. அதற்கு நிறுவனம் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுநர், அவர்தான் தொழிலாளர் சங்கத் தலைவரும்கூட, முதல் நாளே அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டார்.

"எல்லாத்தையும் பார்க்குது. எதையும் மறக்க மாட்டேங்குது. ஏன்னு கேட்டா உன் நல்லதுக்குத்தான்னு சொல்லுது. இது மென்பொருளா? மாமியார்ப்பா!"

அன்றிலிருந்து அது மாமியார்தான். "மாமியார் லீவு குடுத்துட்டாங்களா?" என்பதுதான் தாழ்வாரத்தில் காலை வணக்கம். ரோஸ்டர் அக்காவுக்கு நிஜ மாமியார் கிடையாது. அவள் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு இரண்டு வருடம் முன்பே அந்த அம்மாள் காலமாகிவிட்டார். அதனால் இந்த மாமியாரிடம் எப்படி நடந்துகொள்வது என்று அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் பயமும் இல்லை. மடியில் கனமிருப்பவர்கள்தானே பயப்பட வேண்டும் என்று இருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை ஹெச்.ஆர். மேடம் கூப்பிட்டு அனுப்பினார்.

என்ன விஷயம் என்பது அவளுக்குத் தெரியும். இந்த மருத்துவமனைக்கு இன்னும் இரண்டு கிளைகள் இருந்தன. மூன்றுக்கும் சேர்த்து ஒரே மேசையிலிருந்து பட்டியல் போடப் போகிறார்கள். அந்த மேசையின் பொறுப்பு அவளுக்குத்தான் என்று பேச்சு. வெள்ளிக்கிழமை குழு கூடி முடிவு செய்யும். அதற்கு முன்பு, அவள் எழுதிய கடந்த ஆறு வருடப் பட்டியல்களை மாமியாரிடம் கொடுத்து, யாருக்காவது அநியாயம் நடந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

"உட்காருங்க" என்று மேடம் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஆளுக்கு ஒன்று. எல்லாம் பச்சை. புதிதாய் நட்ட வயல் போல் அப்படி ஒரு பச்சை. ரோஸ்டர் அக்காவின் மனசு குளிர்ந்தது. வீட்டுக்குப் போனதும் கணவரிடம் எந்த வார்த்தையில் ஆரம்பித்துச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டாள். அப்போதுதான் ஓரத்தில் ஒரு கட்டம் மட்டும் சிவப்பாக இருப்பது கண்ணில் பட்டது.

"நூத்திப் பதினேழாம் நம்பர் ஊழியர்" என்றார் மேடம். "கருவிகளைச் சுத்திகரிக்கிற பிரிவு. அந்தப் பிரிவுல பதினாலு பேர். ஞாயித்துக்கிழமைக்கு அஞ்சு பேர் வேணும். ஆறு வருஷத்துல ஒருத்தருக்கு நூத்திப் பதினொரு ஞாயிறு டூட்டி வந்தா அது நியாயம். மத்தவங்களுக்கெல்லாம் தொண்ணூத்தொன்பது, நூறுன்னு வந்திருக்கு. இவங்களுக்கு மட்டும் எவ்வளவு தெரியுமா? இருநூத்தி எழுபத்து நாலு."

ரோஸ்டர் அக்கா திரைப் பக்கம் குனிந்து அந்த எண்ணை மறுபடி படித்தாள்.

"இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

"என் வீட்டுக்காரரோட தங்கச்சி."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "வீட்டுல உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதா?" என்று கேட்டார்.

சுருக்கென்றது. "நான் வளர்த்த பொண்ணு மேடம் அது!"

பொய்யில்லை. அவள் கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். லிஃப்ட் மெக்கானிக்கான கணவரும், பதினேழு வயதுத் தங்கையும். தங்கைக்கு அண்ணன் வைத்த பெயர் வாலு. பரீட்சைக்கு எழுப்பியது, காய்ச்சலுக்குக் கண்விழித்தது, முதல் வேலைக்குப் போகும் நாளில் முடியைப் பின்னிவிட்டது எல்லாம் அண்ணிதான். இருபத்தொன்பது வயதாகியும் வாலு இன்னும் வாலுதான். அண்ணியைச் சீண்டாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

ஆறு வருடம் முன்பு வாலு இதே மருத்துவமனையில் சேர்ந்த முதல் நாள், உணவுக்கூடத்தில் யாரோ ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உனக்கென்னம்மா, பட்டியல் போடறது உன் அண்ணி. ஞாயித்துக்கிழமை எல்லாம் உனக்குப் பட்டா போட்ட மாதிரிதான்." பக்கத்து மேசையில் இருந்த ரோஸ்டர் அக்காவின் காதில் அது விழுந்தது. அதைச் சொன்னவள் அடுத்த நிமிடமே மறந்திருப்பாள். இவள் மறக்கவில்லை. அந்த மாதத்திலிருந்து பட்டியல் எழுத உட்கார்ந்தால், வேறு யாரையும் தொடும் முன்பு ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் நூற்றுப் பதினேழு என்று எழுதிவிடுவாள். பிறகுதான் மற்றவர்கள். பல் துலக்குவது போல் அது கைப்பழக்கமாகிவிட்டது. எத்தனை என்று எண்ணிப் பார்த்ததே இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட மேடம் பெருமூச்சு விட்டார். "சொந்தக்காரங்களுக்குச் சலுகை காட்டினவங்களைப் பார்த்திருக்கேன். சொந்தக்காரங்கமேல பழி தீர்த்துக்கிட்டவங்களையும் பார்த்திருக்கேன். பாசத்துல தண்டனை குடுத்தவங்களை இப்பத்தான் பார்க்கறேன். ஆனா குழுவுக்கு இதெல்லாம் புரியாது. சிவப்பு ஒண்ணு இருந்தா காரணம் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள யோசிங்க. இல்லைன்னா இந்த மேசை வேற ஒருத்தர் கைக்குப் போயிடும். இப்ப நீங்க போடற பட்டியலும் சேர்ந்துதான் போகும்."

மாமியார் அதோடு விடவில்லை. மதியம் எல்லோருடைய கைபேசியும் ஒரே நேரத்தில் சிணுங்கியது. இந்த வாரத்திலிருந்து அடுத்த நான்கு மாதத்துக்கான மாதிரிப் பட்டியல். ஆறு வருடக் கணக்கைப் பார்த்துவிட்டு, நூற்றுப் பதினேழுக்குத் தொடர்ந்து பதினான்கு ஞாயிறு விடுப்பு போட்டு வைத்திருந்தது!

பழைய கணக்கு யாருக்குத் தெரியும்? பதினான்கு ஞாயிறுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அவள் தாழ்வாரத்தில் நடந்தபோது பேச்சு நின்றது. கடந்து போனதும் மறுபடி ஆரம்பித்தது.

"பாத்தியா, மாமியாரே மருமக சொல்படி ஆடுது."

"பதினாலு ஞாயிறு! எனக்குக் கல்யாணத்துக்கே நாலு நாள்தான் கிடைச்சுது."

"சும்மா இரு, காதுல விழப் போவுது."

காதில் விழுந்தது. பதினோரு வருடமாக விழக் கூடாது என்று எந்தப் பேச்சுக்குப் பயந்தாளோ அதேதான். திரையில் பார்த்தால் நாத்தனாரை வதைத்தவள், தாழ்வாரத்தில் பார்த்தால் நாத்தனாருக்குச் சலுகை காட்டியவள். இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளத்தின் நிலைமை என்னவென்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

*

ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கும் மனிதர், லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். அன்று மாலை ரோஸ்டர் அக்கா ஒவ்வொரு படியாக ஏறி வீட்டுக்குள் வந்தபோது, வாலு அவளுக்கு முன்பே வந்து காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. பதினாலு ஞாயிறு விடுப்பாமே? தாங்க முடியலை. எங்க பிரிவுல இன்னிக்கு ஒருத்தரும் என்கூடப் பேசலை. ராணி மாதிரி தனியா உட்கார்ந்து சாப்பிட்டேன்."

அண்ணி பையைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது. வாலு டீயை வைத்துவிட்டு எழுந்தாள்.

"என்னாச்சு?"

சிவப்புக் கட்டம், இருநூற்று எழுபத்து நான்கு, வெள்ளிக்கிழமைக் குழு என்று எல்லாவற்றையும் அண்ணி சொல்லி முடித்தாள். "நான் எண்ணவே இல்லைடி. எண்ணியிருந்தா செஞ்சிருக்க மாட்டேன். ஏன்டி ஒரு வார்த்தை கேக்கலை நீ?"

"யாரு சொன்னா கேக்கலைன்னு? முதல் வருஷம் மூணு மாசம் உங்ககூட முகம் குடுத்துப் பேசலையே, ஞாபகம் இருக்கா?"

"பல் வலின்னு சொன்னியே!"

"மூணு மாசமா ஒருத்திக்குப் பல் வலிக்கும், அண்ணி?"

உள்ளறையிலிருந்து கணவரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. "நான் அப்பவே டாக்டர்கிட்ட போலாம்னு சொன்னேன்" என்றபடி வந்து நின்றார்.

"நீங்க சும்மா இருங்கண்ணா." வாலு அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்புறம் ஒரு நாள் சாப்பிடற எடத்துல ரெண்டு பேர் சண்டை. ஒருத்தி உங்களைப் பத்தி ஏதோ சொல்ல வந்தா. இன்னொருத்தி அவளை அடக்கிட்டா. 'சொந்த நாத்தனாரையே ஞாயித்துக்கிழமை போடறவங்க, நம்மகிட்டயா ஓரவஞ்சனை செய்யப் போறாங்க'ன்னு கேட்டா. எனக்கு அன்னிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. என் அண்ணி பேருக்கு நான்தான் ஜாமீன்னு நினைச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் பல் வலியே வரலை."

ரோஸ்டர் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப என்ன, ஒரு காரணம்தானே வேணும்?" வாலு கைபேசியை எடுத்தாள். "மாமியார்கிட்ட ஒரு பக்கம் இருக்கு, 'சொந்த விருப்பம்'னு. ஞாயித்துக்கிழமை வேலையை நானே விரும்பித்தான் கேட்டு வாங்கிக்கிட்டேன்னு ஒரு டிக் போட்டா சிவப்பு பச்சை ஆயிடும். அந்தப் பதினாலு விடுப்பும் போயிடும். தாழ்வாரத்துல பேசறவங்க வாயும் அடைச்சிடும். நீங்க சரின்னு ஒரு பொத்தானை அமுக்கணும், அவ்வளவுதான்."

"அப்ப இனிமே வர்ற ஞாயித்துக்கிழமை?"

"அதுவும் எனக்கேதான் வரும். பழக்கம்தானே?"

சொல்லிக்கொண்டே டிக்கைப் போட்டுவிட்டு, அண்ணி ஏதாவது சொல்வதற்குள் குளிக்கப் போய்விட்டாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று ரோஸ்டர் அக்கா கணவரைக் கேட்டாள்.

"நான் என்னத்தைச் சொல்ல? ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட லிஃப்ட் நான். மேலயும் போக முடியாது, கீழயும் போக முடியாது."

சாப்பிட்டு முடித்து அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவள் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அவர் மெதுவாகச் சொன்னார்: "நான் சொன்னேன்னு சொல்லிடாதே. உங்க ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிர்ல மூக்குக் கண்ணாடிக் கடை இருக்கில்ல?"

"ஆமா."

"அந்தக் கடைக்காரர். ஒரு வருஷமா."

அவள் கையில் தட்டு அப்படியே நின்றது.

"நல்ல மனுஷன். நான் விசாரிச்சிட்டேன். வாரத்துல ஆறு நாள் கடை. ஞாயித்துக்கிழமை மட்டும் மூடுவார். உன் நாத்தனாருக்கு ஞாயிறு டூட்டி, செவ்வாய்க்கிழமை லீவு. அதனால செவ்வாய்க்கிழமை போய் வாடிக்கையாளர் மாதிரி கடையில உட்கார்ந்திருப்பாளாம். இதுவரைக்கும் மூணு கண்ணாடி வாங்கியிருக்கா. அவ கண்ணுல ஒரு குறையும் கிடையாது!"

சிரிப்பு வர வேண்டிய இடம்தான். ஆனால் ரோஸ்டர் அக்காவுக்கு அழுகைதான் வந்தது. ஒரு முழு நாள் சேர்ந்து நடந்து போகக் கிடைக்காமல், கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்து காதலிக்கிறாள் இந்தப் பெண். அதை அண்ணியிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கேட்பது போல் ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள்.

*

மறுநாள் காலை ரோஸ்டர் அக்காவின் திரையில் அந்த வேண்டுகோள் வந்து காத்திருந்தது. நூற்றுப் பதினேழு. ஞாயிறு வேலை. காரணம்: சொந்த விருப்பம். கீழே இரண்டு பொத்தான்கள். ஏற்கிறேன். மறுக்கிறேன்.

செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. அவள் இரண்டையும் தொடவில்லை. ஏற்றுக்கொண்டால் பதினோரு வருட நல்ல பெயர் அப்படியே இருக்கும், மூன்று மருத்துவமனையும் அவள் கைக்கு வரும். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. வாலுவே கொடுக்கும்போது வாங்கிக்கொள்வதில் என்ன தப்பு என்று ஒரு மனசு சொன்னது. அந்த மனசுக்கு அவள் பதில் சொல்லவும் இல்லை, அதை விரட்டவும் இல்லை.

வியாழக்கிழமை பிற்பகல் எழுந்து, அடித்தளத்தில் இருந்த சுத்திகரிப்புப் பிரிவுக்குப் போனாள். பதினோரு வருடமாக அந்த அறையைப் பதினான்கு கட்டங்களாகத்தான் அவளுக்குத் தெரியும். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

உள்ளே வாலு தலையை மூடி, கையுறை போட்டு, விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒரு கத்தரிக்கோலைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டு இருக்கும் இடத்தில் ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் அது ஆகாது. ஒன்றைத் தள்ளி வைத்தாள், மறுபடி கழுவப் போக வேண்டியது. மற்றவற்றைத் தட்டில் வரிசையாக அடுக்கி, பட்டியலைப் பார்த்து எண்ணி, நீலத் துணியில் மடித்துக் கட்டி நாடா ஒட்டினாள். நீராவி சரியாகப் பாய்ந்தால் அந்த நாடாவில் கறுப்புக் கோடுகள் தோன்றும். தோன்றாவிட்டால் முதலிலிருந்து எல்லாம். வீட்டில் ஒரு நிமிடம் சும்மா இருக்காதவள், இங்கே மூச்சு விடுவதுகூடத் தெரியாமல் நின்றாள்.

"என்ன ரோஸ்டர் அக்கா, இவ்வளவு தூரம்?" என்றபடி பிரிவின் மூத்தவர் வந்தார். இருபத்தைந்து வருடம் அந்த வெக்கையில் நின்றவரை எல்லோரும் நீராவி அண்ணன் என்பார்கள்.

"சும்மா பார்க்க வந்தேன்."

"உங்க நாத்தனார் கைக்குத் தங்கக் காப்பு போடணும். திங்கக்கிழமை ஆபரேஷனுக்கு வேண்டியதெல்லாம் ஞாயித்துக்கிழமைதான் கட்டுவோம், அன்னிக்கு ஆளும் கம்மி. நாலு மெஷினையும் அதுதான் ஓடி ஓடிப் பார்க்கும். அது கட்டின தட்டு ஒண்ணுகூட இந்த ஆறு வருஷத்துல ஆபரேஷன் தியேட்டர்லேருந்து திரும்பி வந்ததில்லை." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இருந்தாலும் பதினாலு ஞாயிறு கொஞ்சம் ஓவர் இல்லையாக்கா? எங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கு பாருங்க."

ரோஸ்டர் அக்கா அவரைப் பார்த்தாள். தங்கமான மனுஷன். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தன் பிள்ளை குட்டியோடு இருந்தவர், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்காதவர். நானே நினைத்துப் பார்க்கவில்லையே, இவரை என்ன சொல்ல என்று தோன்றியது.

மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் மறுக்கிறேன் என்ற பொத்தானை அமுக்கினாள்.

*

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குழு கூடியது. நீள மேசையைச் சுற்றித் தலைமை மருத்துவர், ஹெச்.ஆர். மேடம், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு மூத்தவர். சுவரில் பச்சை வயல், ஓரத்தில் சிவப்புக் கட்டம்.

"இதுக்கு ஏதாவது காரணம் இருக்கா?" என்று கேட்டார் தலைமை மருத்துவர்.

ரோஸ்டர் அக்கா எழுந்து நின்றாள். "இருக்குங்க சார். நான்தான் காரணம். நூத்திப் பதினேழு என் நாத்தனார். அவளுக்குச் சலுகை காட்டறேன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு, மாசா மாசம் முதல்ல அவளைத்தான் ஞாயித்துக்கிழமையில எழுதினேன். நேத்து வரைக்கும் அதை நியாயம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நியாயம் இல்லை சார். அது என் பேருக்கு நான் பூசிக்கிட்ட பவுடர். அவ உழைப்புல."

ஹெச்.ஆர். மேடம் குனிந்து எதையோ தேடுவது போல் இருந்தார். "அவங்க விருப்பப்பட்டுத்தான் வேலை செஞ்சதா ஒரு வேண்டுகோள் வந்திருந்துதே?"

"என்னைக் காப்பாத்த அனுப்பினது மேடம். உண்மை இல்லை. மறுத்துட்டேன்." அவள் சுற்றிலும் பார்த்தாள். பதினோரு வருடமாகத் தன்னைக் குறை சொல்லாத முகங்கள். "இப்ப பதினாலு ஞாயிறு விடுப்பு வந்தது எல்லாருக்கும் உறுத்துது. எனக்குப் புரியுது. ஆனா நியாயமா வர வேண்டிய நூத்திப் பதினொண்ணு போக, நூத்தி அறுபத்து மூணு ஞாயிறு நான் அவகிட்டேருந்து அதிகமா எடுத்திருக்கேன். அது எங்க போச்சு? நீராவி அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க பிரிவுல மிச்சம் பதிமூணு பேரு. ஆளுக்குப் பன்னெண்டு ஞாயிறு, உங்க வீட்டுல, உங்க பிள்ளைங்களோட இருந்தீங்க. அது நான் குடுத்ததும் இல்லை, மாமியார் குடுத்ததும் இல்லை. அந்தப் பொண்ணு குடுத்தது. வேலையில ஒரு நாள்கூட முகத்தைச் சுளிக்காம குடுத்தா."

இதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ள எழுந்தவள், எந்த இடத்தில் பெருமை பேச ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நீராவி அண்ணன் நாற்காலியில் நெளிந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாங்களும் யோக்கியம் இல்லைங்க. ஞாயித்துக்கிழமை பட்டியலைப் பார்ப்போம், அந்தப் பொண்ணு நம்பர் இருக்கும், அப்பாடான்னு மூடி வெச்சிடுவோம். ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேக்கலை. பதினாலு என்ன, இன்னும் நாலு சேர்த்துக் குடுங்க. எங்க பிரிவுல யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. நான் பார்த்துக்கறேன்."

தலைமை மருத்துவர் பேனாவை மேசையில் தட்டினார். "சரி. இவ்வளவு நேர்மையா சொல்றீங்க. ஆனா தப்பு நடந்திருக்கு. மூணு ஆஸ்பத்திரியை எதை நம்பி உங்ககிட்ட குடுக்கறது?"

"குடுங்கன்னு நான் கேக்கலை சார். ஆனா அந்த மேசையில யார் உட்கார்ந்தாலும் ஒரு விதி வேணும். சொந்தக்காரங்க பேரு வந்தா அந்த வரிசையை அவங்க தொடக் கூடாது. அடுத்த கிளையில இருக்கிறவங்க போடணும். என்னை மாதிரி பயந்தாலும் தப்புதான், பாசம் காட்டினாலும் தப்புதான். இங்க மட்டும் பத்தொன்பது பேர் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம். நான் எண்ணிட்டேன்."

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அதுவரை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது பேரில் அவருடைய மச்சினனும் ஒருவன்.

"தொழிலாளர் பக்கத்துலேருந்து நான் ஒண்ணு சொல்றேன்" என்றார். "மாமியார் ஒரு பட்டியல் குடுத்தா, நாங்க பத்துக் கேள்வி கேப்போம். ரோஸ்டர் அக்கா குடுத்தா ஒண்ணும் கேக்க மாட்டோம். கேக்காம விட்டது தப்புன்னு இன்னிக்குத் தெரியுது. அதனால ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கட்டும். அது இவங்களைப் பார்த்துக்கட்டும், இவங்க அதைப் பார்த்துக்கட்டும். எங்களுக்கு வேற ஆள் வேண்டாம்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தலைமை மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை, ஆனால் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். பொறுப்பு ரோஸ்டர் அக்காவுக்கு. சொந்தக்காரர் விதி மூன்று கிளைக்கும். பதினான்கு ஞாயிறு அப்படியே நிற்கும். சிவப்புக் கட்டத்தை அழிக்க வேண்டாம், அடுத்த வருடம் அது தானாகப் பச்சையாகிறதா என்று பார்ப்போம் என்று மேடம் எழுதிக்கொண்டார்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால், மாடிப்படியில் வாலு நின்றிருந்தாள், தலை உறையைக்கூடக் கழற்றாமல். அடித்தளம் வரைக்கும் சேதி அதற்குள் போயிருந்தது.

"ஆறு வருஷத்துல நான் வாய் விட்டுக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதுவும் லீவு இல்லை, டூட்டி! அதையும் மறுத்துட்டீங்க."

"ஆமா."

"எல்லார் முன்னாடியும் தப்புன்னு வேற சொன்னீங்களாமே. என் அண்ணி யாருக்கும் வளைஞ்சு குடுக்காதவன்னு ஊரெல்லாம் பெருமையடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேனே, அதை இப்ப நான் எங்க கொண்டு போய் வெக்கிறது?"

"அந்தப் பெருமையை என்கிட்ட குடு, நான் வெச்சுக்கறேன்" என்றாள் அண்ணி. "நீ ஞாயித்துக்கிழமையை வெச்சுக்கோ."

வாலு ஏதோ பதிலடி கொடுக்க வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படி நடந்தது. அண்ணியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சீருடையில் நீராவியின் ஈர வாசனை அடித்தது. படியில் ஏறி வந்த இரண்டு நர்ஸுகள் அவர்களைப் பார்த்தார்கள். யார் என்ன நினைப்பார்கள் என்று ரோஸ்டர் அக்கா யோசிக்கவில்லை. அணைத்துக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை வாலு பழக்கதோஷத்தில் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டாள். என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்குள் எட்டு போட்டு நடந்தாள். மூன்று தடவை உடை மாற்றினாள்.

ஒன்பது மணிக்கு, வாலு முந்தின இரவே வீட்டில் சொல்லி வைத்திருந்தபடி, கண்ணாடிக் கடைக்காரர் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார். லிஃப்ட் பெட்டிக்குள் ஆளை அனுப்பும் முன் கம்பியைச் சோதிப்பது போல், அண்ணன் அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"எத்தனை கிலோ தாங்குவீங்க தம்பி?"

"அண்ணா!" என்று வாலு கத்தினாள்.

"இல்லை, இவளைத் தாங்கணுமே, அதுக்குக் கேட்டேன்."

கடைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வருஷமா மூக்குக் கண்ணாடி வித்துத் தாங்கியிருக்கேங்க" என்றார். ரோஸ்டர் அக்காவுக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துவிட்டது.

இருவரும் இறங்கிப் போனார்கள். ரோஸ்டர் அக்கா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். காலை வெயிலில் தெரு காலியாக இருந்தது. வாலு கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டே நடந்தாள். அவர் பாதி தூரம் சிரித்தபடியே போனார். முனையில் திரும்பும்போது வாலு அண்ணாந்து பார்த்துக் கையசைத்தாள்.

துணி காயப் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாள் ஆச்சரியமாகக் கேட்டார்: "என்னம்மா, உங்க நாத்தனாருக்கு இன்னிக்கு டூட்டி இல்லையா?"

ரோஸ்டர் அக்கா நிமிர்ந்து நின்றாள். தெருவில் யாருக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள்.

"இல்லைங்க. இன்னிக்கு அவளுக்கு ஞாயித்துக்கிழமை."